கே.எல். வரக் காரா, ரயிலா? முதலில் விடுதியை முடிவு செய்யுங்கள்

ஈப்போவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவரும் மனைவியும், எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு 71 வயது அம்மா. பள்ளி விடுமுறையில் நான்கு நாள் கோலாலம்பூர் வருகிறார்கள். பத்துமலை, இரட்டைக் கோபுரம், விலங்குக்காட்சிச் சாலை, கொஞ்சம் துணிமணி. காரில் வருவதா, இடிஎஸ் ரயிலில் வந்து எல்ஆர்டி, எம்ஆர்டி என்ற நகர ரயில்களில் சுற்றுவதா, எது மலிவு என்பது கேள்வி. மலிவு என்று எழுதியிருந்தாலும் அவர் மனத்தில் இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. ரயில் என்றால் அம்மா எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும், காரென்றால் நான்கு நாளும் நெரிசலிலேயே போய்விடுமா? இந்த இரண்டு பயமும் நியாயமானவை. அதனால் காசுக் கணக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு இதிலிருந்து தொடங்குகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த ஊரின் ரயில் நிலையங்களில் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி, இரண்டு தடங்கள் சந்திக்கும் ஒரு நிலையத்தில். வெளியூரிலிருந்து குடும்பமாக வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். ரயிலுக்குள் ஏறிய பிறகு யாரும் சிரமப்படுவதில்லை. தங்கும் விடுதிக்கும் நிலையத்துக்கும் இடையில், ஒரு தடத்துக்கும் இன்னொரு தடத்துக்கும் இடையில், நிலைய வாசலுக்கும் போக வேண்டிய இடத்துக்கும் இடையில், இந்த மூன்று இடத்தில்தான் சிரமம். எனவே காரா ரயிலா என்று முடிவெடுக்கும் முன்னால் எங்கே தங்குவது என்று முடிவெடுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது பிரிக்ஃபீல்ட்ஸ். ஈப்போ ரயில் வந்து நிற்கும் கேஎல் சென்ட்ரல் அங்கேயே இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வண்டி மாற வேண்டாம். சைவ உணவுக்குக் கடை தேடி அலைய வேண்டாம். அம்மா ஒரு காலைப் பொழுது எங்கும் வரவில்லை என்றாலும், பசியாறிவிட்டுப் பக்கத்தில் கோயிலுக்குப் போய்வரலாம். கந்தசுவாமி கோயில் அங்கேதான் இருக்கிறது. விடுதியை இணையத்தில் பார்க்கும்போது, 'கேஎல் சென்ட்ரலுக்கு அருகில்' என்று அவர்கள் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். நிலையத்திலிருந்து நடந்து போகும் வழியை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். வரைபடத்தில் முந்நூறு மீட்டராகத் தெரியும் இடம், குறுக்கே பெரிய சாலை ஒன்று ஓடினால் மேம்பாலம் ஏறி இறங்கும் வேலையாகிவிடும். முழங்கால் வலி உள்ளவருக்கு தூரத்தைவிடப் படிக்கட்டுதான் எதிரி.

இன்னொன்று. கேஎல் சென்ட்ரல் ஒரே கட்டடம் போலத் தெரிந்தாலும் எல்லாத் தடமும் ஒரே இடத்தில் இல்லை. இடிஎஸ், புறநகர் ரயிலான கொம்யூட்டர், கிளானா ஜெயா எல்ஆர்டி மூன்றும் உள்ளேயே இருக்கின்றன. மோனோரயிலுக்குப் போக என்யூ சென்ட்ரல் பேரங்காடிக்குள் புகுந்து மறுபக்கம் வர வேண்டும். எம்ஆர்டிக்கு வேறு திசையில் ஒரு நடைபாதை. அந்த நிலையத்துக்குப் பெயரே மூசியம் நெகாரா. அம்மாவோடு புக்கிட் பிந்தாங் கடைப்பகுதிக்குப் போவதென்றால் மோனோரயிலைவிட எம்ஆர்டியைத்தான் சொல்வேன். மூசியம் நெகாராவிலிருந்து மூன்றாவது நிறுத்தம். எம்ஆர்டி நிலையங்கள் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு, நடைமேடை அகலம், பெட்டியும் பெரிது. மோனோரயில் 2003இல் வந்தது. பெட்டி சின்னது, மாலையில் நிற்கவே இடம் கிடைக்காது. பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேல் ஏற்றிக்காட்டுங்கள்.

பெயர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் வழிதவறி வந்தவர்களில் பாதிப் பேர் பெயரால் ஏமாந்தவர்கள். அம்பாங் பார்க் என்பது இரட்டைக் கோபுரத்துக்கு அடுத்த நிறுத்தம். அம்பாங் என்பது வேறொரு தடத்தின் கடைசி நிலையம், நகரத்தின் கிழக்குக் கோடியில். பெட்டாலிங் ஸ்திரீட் கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்று ஸ்ரீ பெட்டாலிங் போய் இறங்கியவர்கள் உண்டு, கொம்யூட்டரில் பெட்டாலிங் நிலையத்தில் இறங்கியவர்களும் உண்டு. அந்தக் கடைத்தெருவுக்கு இறங்க வேண்டியது பசார் செனி. கேஎல் சென்ட்ரலுக்கு முந்திய பழைய நிலையத்துக்கு இன்னும் கோலாலம்பூர் என்றுதான் பெயர். பெயரைக் கேட்டவுடன் அங்கேயே இறங்கிவிடாதீர்கள். செந்தூல் ஒன்று, செந்தூல் தீமூர் ஒன்று. என் வீடு செந்தூலில் என்பதால், தப்பான செந்தூலில் இறங்கிவிட்டு எனக்கு அழைத்த சொந்தக்காரர்களே பலர். போக வேண்டிய நிலையத்தின் பெயரோடு தடத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடமும் பெரிய பிள்ளையிடமும் கொடுத்துவையுங்கள்.

தாளில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாள் மாலை ஆறு மணி, நல்ல கூட்டம். தெலுக் இந்தானிலிருந்து வந்த ஒரு குடும்பம் ரயிலில் ஏறியது, பாட்டி மட்டும் நடைமேடையில் நின்றுவிட்டார். கதவு மூடிவிட்டது. பாட்டியிடம் கைப்பேசி இல்லை. பதற்றத்தில் அடுத்த ரயிலில் ஏறிவிட்டார். மகன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வந்தபோது அம்மா இங்கே இல்லை. ஐந்து நிலையங்களுக்குத் தொடர்புகொண்டு அவரைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. எங்கே போகிறீர்கள் என்று ஊழியர் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரிந்தது 'என் மகனிடம்' என்பது மட்டும்தான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அதனால் வீட்டிலேயே எல்லாரிடமும் சொல்லிவையுங்கள்: பின்தங்கியவர் நின்ற இடத்தைவிட்டு அசையக்கூடாது, முன்னால் போனவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வருவார்கள். இந்த ஒரு ஏற்பாடு போதும். ஏறும்போது பெரியவர்களில் ஒருவர் முதலில், இன்னொருவர் கடைசியில், அம்மாவும் பிள்ளைகளும் நடுவில்.

அடுத்து அட்டை. டோலுக்கு வைத்திருக்கும் டச் என் கோ அட்டையே ரயிலுக்கும் செல்லும். ஆனால் ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. ஒரே அட்டையை ஐந்து பேருக்கும் தட்ட முடியாது. உள்ளே போனவர் வெளியே வரும்வரை அது அடுத்தவருக்குக் கதவு திறக்காது. அப்பா உள்ளே போய்விட்டு, தடுப்புக்கு மேலாக அட்டையை மனைவியிடம் நீட்டும் காட்சியை நான் வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன். அட்டை இல்லாதவருக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் மூன்றிலும் நீல நிறத்தில் வட்டமான பிளாஸ்டிக் டோக்கன் கிடைக்கும். உள்ளே போகத் தட்டவேண்டும், வெளியே வரும்போது துளையில் போட்டுவிட வேண்டும். சின்னப் பிள்ளை கையில் கொடுத்தால் தொலைந்துபோகும், நீங்களே வைத்திருங்கள். கொம்யூட்டரை நடத்துவது மலேசிய ரயில்வே நிறுவனமான கேடிஎம். அதற்குக் கட்டணமும் தனி, வாசலும் தனி. எல்ஆர்டியிலிருந்து கொம்யூட்டருக்கு மாறினால் ஒரு தடுப்பில் வெளியேறி இன்னொன்றில் நுழைய வேண்டும். 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) 30 நாள் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு சீட்டு இருக்கிறது. மலேசியர்களுக்கு மட்டும் உரியது அது. இங்கே தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அது வரப்பிரசாதம், நான்கு நாள் வருகிற உங்களுக்கு அது வேண்டாம். ஒரு நாள், மூன்று நாள் சீட்டுகளும் உண்டு. ஆனால் அவை கொம்யூட்டருக்குச் செல்லாது, பத்துமலைக்கு உதவாது. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

பத்துமலைக்கு ரயிலைவிட நல்ல வழி கிடையாது. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரம், ஆளுக்கு மூன்று வெள்ளிக்குள். நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் கோயில் வளாகம். 2010இல் அந்தத் தடம் மின்மயமாகித் திறக்கும்வரை செந்தூல்காரர்களான நாங்களே பேருந்துக்குக் காத்துக் கிடப்போம். இப்போது தைப்பூசத்துக்கு இரவு முழுக்க ரயில் ஓடுகிறது, லட்சக்கணக்கான பேர் வண்டி நிறுத்த இடம் தேடாமல் போய்வருகிறார்கள். ஒரு குறை உண்டு. கொம்யூட்டர் எல்ஆர்டி போலச் சில நிமிடங்களுக்கு ஒன்று வராது. ஒன்றைத் தவறவிட்டால் அரை மணி நேரமோ அதற்கு மேலோ உட்கார வேண்டிவரும். கிளம்பும் முன்னால் கேடிஎம் செயலியில் நேரம் பார்த்து, திரும்பும் ரயிலின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வாருங்கள். மேலே குகைக்கு 272 படி. அம்மா கீழேயே முருகன் சிலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நிழலில் இருக்கட்டும். கீழேயும் சன்னதிகள் உண்டு, கடைகள் உண்டு.

இரட்டைக் கோபுரத்துக்கும் யோசிக்கவே வேண்டாம். கிளானா ஜெயா தடத்தில் கேஎல் சென்ட்ரலிலிருந்து ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி, பத்துப் பன்னிரண்டு நிமிடம். நிலையத்திலிருந்து பேரங்காடிக்குள் நிலத்தடியிலேயே நுழைந்துவிடலாம், மழையும் வெயிலும் படாது. அந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியின் முன்கண்ணாடி அருகே நின்றால் சுரங்கம் எதிரே விரிந்து வருவது தெரியும். உங்கள் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கோபுரத்தைவிட அதுதான் நினைவில் நிற்கும் என்று நினைக்கிறேன். கேஎல்சிசியிலிருந்து புக்கிட் பிந்தாங் பக்கம் போகக் குளிரூட்டிய மேல்நடைபாதை ஒன்று இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். நீங்களும் பிள்ளைகளும் நடக்கலாம், அம்மாவை நடக்கவைக்க வேண்டாம். துணிமணிக்கு மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கினால் ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம்தான். அதற்கு முந்திய நிறுத்தம் பசார் செனி. அங்கிருந்து 1873இல் தொடங்கிய மகா மாரியம்மன் கோயிலுக்கு நடந்துவிடலாம். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவது அந்தக் கோயிலிலிருந்துதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இந்த இரண்டையும் ஒரே காலையில் முடிக்கலாம்.

விலங்குக்காட்சிச் சாலைதான் சிக்கல். வாசலில் கொண்டுபோய் விடும் ரயில் கிடையாது. வங்சா மாஜு வரை எல்ஆர்டியில் போய், அங்கிருந்து கிரேப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) பிடிப்பது ஒரு வழி. முழுத் தூரமும் கிரேப்பிலேயே போவது இன்னொரு வழி. அம்மா வருகிறார் என்றால் இரண்டாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிறைய நடக்க வேண்டியிருக்கும், போகும்போதே களைத்துவிடக்கூடாது. நீங்கள் ஐந்து பேர், அதனால் ஆறு பேர் உட்காரும் வண்டியைத்தான் பதிவுசெய்ய வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

சரி, இப்போது காசு. இங்கே பலரும் ரயில்தான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஐந்து பேருக்கு அது உண்மையில்லை. ஈப்போவிலிருந்து ஐந்து இடிஎஸ் டிக்கெட், போகவர, பெட்ரோலும் டோலும் சேர்ந்த கணக்கைவிடக் கூடுதலாகத்தான் வரும். 60 வயது கடந்த மலேசியர்களுக்குக் கேடிஎம் பாதிக் கட்டணம் தருகிறது, பிள்ளைகளுக்கும் சலுகை உண்டு. அதைச் சேர்த்தாலும் கார் முந்திக்கொள்ளும். ஊருக்குள்ளும் அப்படித்தான். கேஎல் சென்ட்ரலிலிருந்து கேஎல்சிசிக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளிக்குச் சற்று மேல் என்றால் ஐந்து பேருக்குப் பன்னிரண்டு வெள்ளியை நெருங்கிவிடும். சாலை காலியாக இருக்கும் நேரத்தில் கிரேப்பும் கிட்டத்தட்ட அந்த விலைக்கே வரும். கார் கொண்டுவந்தால் விடுதியில் நாள் வாடகையாக நிறுத்தக் கட்டணம், போகும் இடத்திலெல்லாம் மணிக்கணக்கில் நிறுத்தக் கட்டணம் என்று நான்கு நாளில் அந்த மிச்சம் கரையும். முழுக்கக் கரையுமா, பாதி கரையுமா என்பது உங்கள் விடுதியைப் பொறுத்தது. ஆக, பணத்துக்காக மட்டும் ரயிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ரயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காரணம் நேரம். கேஎல்சிசிக்கு ரயிலில் பன்னிரண்டு நிமிடம் என்றால் காலையிலும் மாலையிலும் மழையிலும் அதே பன்னிரண்டு நிமிடம்தான். காரில் அதே தூரம் பதினைந்து நிமிடமும் ஆகும், மாலை ஆறு மணிக்கு மழையும் சேர்ந்தால் முக்கால் மணி நேரமும் ஆகும். இந்த ஊரில் பிற்பகல் மழை அடிக்கடி பெய்யும், அப்போது கிரேப் விலையும் ஏறும். நகர மையத்தில் பல சாலைகள் ஒருவழிப் பாதை. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் ஸ்மார்ட் சுரங்கச் சாலைக்குள் போய், டோலும் கட்டி, எங்கோ தெற்கே வெளியே வருவீர்கள். ஓட்டுகிறவருக்கு விடுமுறையே இருக்காது. அப்பா சாலையையே பார்த்துக்கொண்டு கடுகடுவென்று இருந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் வாய் திறக்க மாட்டார்கள்.

கார்தான் சரி என்று நான் சொல்லும் நேரங்களும் உண்டு. பூச்சோங்கிலோ ரவாங்கிலோ உள்ளே தள்ளி இருக்கும் தாமானில் (குடியிருப்பில்) சொந்தக்காரர் வீட்டில் தங்குவதென்றால் கார் வேண்டும். பட்டுப்புடவையும் சீர்வரிசைத் தட்டுமாக இரவுக் கல்யாணத்துக்கு வருகிறவர்களை ரயிலில் ஏறச் சொல்ல மாட்டேன். நள்ளிரவையொட்டி ரயில் நின்றுவிடும். அம்மா பத்து நிமிடம்கூடத் தொடர்ந்து நிற்க முடியாத நிலையில் இருந்தால் நான் மேலே சொன்னதெல்லாம் மாறும். அவருடைய முழங்காலைப் பற்றி அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இங்கிருந்துகொண்டு நான் சொல்லக்கூடியது ஒரு சோதனை மட்டும்: ஈப்போவில் ஏதாவது ஒரு பேரங்காடிக்கு அழைத்துப்போய், உட்காராமல் பதினைந்து நிமிடம் நடக்கவிட்டுப் பாருங்கள். அது முடிந்தால் நான் சொன்ன வழிகள் முடியும். முடியாவிட்டாலும் ரயிலில் வந்து, ஊருக்குள் அம்மா இருக்கும் நேரங்களில் மட்டும் கிரேப் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் உங்கள் கார் ஈப்போவிலேயே இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

காரைச் சுங்கை பூலோ நிலையத்தில் விட்டுவிட்டு எம்ஆர்டியில் உள்ளே வரலாமே என்று சிலர் சொல்வார்கள். நெடுஞ்சாலையில் வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு அது வசதியான இடம்தான். ஒரு நாள் வந்து போகிறவருக்கு நல்ல யோசனை. ஆனால் அந்த நிறுத்துமிடங்கள் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்காக அமைத்தவை. நான்கு நாள் விட்டுவைப்பதென்றால் அந்த நிலையத்தாரிடம் முதலில் கேட்காமல் செய்ய வேண்டாம்.

ரயிலும் பழுதாகும், அதையும் சொல்லிவிட வேண்டும். 2022 நவம்பரில் கிளானா ஜெயா தடத்தில் 16 நிலையங்கள் சில நாள் மூடியே கிடந்தன. அன்றாடம் நடப்பதில்லை, ஆனால் நடக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு தடம் நின்றால் நடந்துபோகும் தூரத்தில் இன்னொரு தடம் இருக்கும். காலை ஏழிலிருந்து ஒன்பது, மாலை ஐந்திலிருந்து ஏழரை, இந்த இரண்டு நேரத்திலும் அம்மாவை ரயிலில் ஏற்றாதீர்கள். மாலையில் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் அங்கேயே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்புங்கள், உட்கார இடம் கிடைக்கும். இடம் இல்லாத நேரத்தில் முன்னுரிமை இருக்கையில் யாராவது இளைஞர் உட்கார்ந்திருந்தால் கேட்கத் தயங்காதீர்கள். தமிழிலோ மலாயிலோ ஒரு வார்த்தை சொன்னால் பெரும்பாலும் எழுந்துவிடுவார்கள், கவனிக்காமல்தான் இருப்பார்கள்.

உடனே செய்ய வேண்டியது இடிஎஸ் டிக்கெட். பள்ளி விடுமுறையில் நல்ல நேரத்து ரயில்கள் சீக்கிரமே நிறைந்துவிடும், ஐந்து இருக்கை சேர்ந்தாற்போலக் கிடைப்பது இன்னும் கடினம். போகும் டிக்கெட்டோடு திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள். விடுதி எது என்று முடிவானதும் அதன் பெயரை எழுதுங்கள். கேஎல் சென்ட்ரலில் எந்த வாசல் வழியாக வெளியே வந்தால் அம்மாவுக்குப் படிக்கட்டு இல்லை என்பதைச் சொல்கிறேன்.